சிலோவாம் வரை யார் கூட்டிப்போனது?



இன்று தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. திருச்சபை இதை மகிழ்ச்சியின் ஞாயிறு என்கிறது. அதனால்தான் ஊதா உடையை இன்று ஒருநாள் மடித்து வைத்துவிட்டு, ரோஜா நிற உடையில் பீடத்தில் நிற்கிறேன். ஆனால் சற்றுமுன் வாசித்த நற்செய்தியில் யாராவது மகிழ்ந்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். யோவான் ஒன்பதாம் அதிகாரம், மொத்தம் 41 வசனங்கள். பிறந்த நாள் முதல் பார்வையில்லாத ஒருவருக்குக் கண் திறக்கிறது. ஊரே கூடிக் கொட்டடித்திருக்க வேண்டும். நடந்தது என்ன? அவரைக் கண்டதுமே சீடர்களுக்கு எழுந்த கேள்வி, இது இவர் செய்த பாவமா, இவரைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்பது. அக்கம்பக்கத்தார், இவர் அந்தப் பிச்சைக்காரர்தானா, அவர் சாயலில் வேறொருவரா என்று பட்டிமன்றம் போடுகிறார்கள். பரிசேயர் ஓய்வுநாள் சட்டத்தை எடுத்து வைத்து அளக்கிறார்கள். பெற்ற தாயும் தகப்பனும்கூட, எங்கே தொழுகைக்கூடத்தை விட்டுத் தள்ளிவைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், வயது வந்த பிள்ளைதானே, அவனையே கேளுங்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். உனக்குக் கண் தெரிகிறதா அப்பா, வா, வீட்டுக்கு வா, ஒரு வாய் சாப்பிடு என்று சொன்ன ஒரே ஒரு ஆள் அந்த அதிகாரம் முழுக்க இல்லை.

இந்த வாசகத்தைப் பலமுறை பீடத்தில் வாசித்திருந்தும் நான் கேட்காமலே விட்டுவந்த கேள்வி ஒன்று உண்டு. ஆண்டவர் மண்ணைக் குழைத்து அவர் கண்களில் பூசுகிறார். சிலோவாம் குளத்தில் போய்க் கழுவச் சொல்லி அனுப்புகிறார். அந்தக் குளம் எருசலேமின் தென்கோடியில், பள்ளத்தில் இருந்தது. 2004ஆம் ஆண்டு அங்கே கழிவுநீர்க் குழாய் வேலைக்காகத் தோண்டியபோது அதன் பழைய கற்படிகள் வெளியே வந்தன. கண்ணே இல்லாதவர், அந்தக் கண்மேல் சேறும் அப்பியிருக்க, சரிவு இறங்கி அந்தப் படிகள்வரை எப்படிப் போய்ச் சேர்ந்தார்? யோவான் எழுதவில்லை. தட்டுத் தடுமாறிப் போயிருக்கலாம். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கலாம். அப்படி ஒருவர் இருந்தாரா என்ற கேள்வி, போன வருடத்திலிருந்து என்னை விடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நம் பங்கில் ஒரு பாட்டி உண்டு. பெயர் வேண்டாம், அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், கூச்சப்படுவார். ஒவ்வொரு ஞாயிறும் நற்கருணை வாங்க வரிசையில் வருவார். கையை நீட்டுவார். அந்தக் கை என் கைக்கு நேராக வராது, ஒரு சாண் தள்ளி நிற்கும். இரண்டு முறை அப்பம் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். என்ன இப்படிக் கவனமில்லாமல் வருகிறார், ஆண்டவரை வாங்கும்போதாவது மனம் இங்கே இருக்க வேண்டாமா என்று உள்ளுக்குள் கடிந்துகொண்டேன். இப்படியே இரண்டு ஆண்டு. பிறகு அவர் மாலைத் திருப்பலிக்கு வருவது நின்றது. பக்தி குறைந்துவிட்டது என்று நினைத்தேன். சகோதரரே, அந்தச் சீடர்கள் பாவக் கணக்குப் பார்த்தார்கள் என்று குறை சொன்னேனே, அதே கணக்கை இந்தப் பீடத்தில் நின்று நானும்தான் பார்த்தேன்.

விடுமுறைக்கு வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண், கண் பரிசோதனைப் படிப்பு படிப்பவள், பூசை முடிந்ததும் என்னிடம் வந்து சொன்னாள்: "சாமி, அந்தப் பாட்டி படியில கால வச்சு வச்சுத் தடவிட்டு இறங்குறாங்க. கண்ணுல வெள்ளையாத் தெரியுது. ரெண்டு கண்ணுலயும் புரை முத்திருச்சு போல." அவ்வளவுதான். நான் இரண்டு ஆண்டாகப் பார்த்தும் பார்க்காததை அவள் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிட்டாள்.

அன்று மாலையே பாட்டி வீட்டுக்குப் போனேன். அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்பு கையில் நாலைந்து இருந்தது. பத்து ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாமல் கடைக்காரர் கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னார். கண் தெரியவில்லை என்று ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "வயசானா இப்படித்தான சாமி? வீட்டுல உள்ளவுக பாவம் ஆயிரம் வேலையா ஓடுதாக. நாஞ் சொல்லி என்ன ஆகப்போவுது? ஆசுபத்திரின்னா ஆயிரக்கணக்குல கேப்பாக" என்றார். காசில்லாமல் செய்வார்கள் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. காசில்லாமல் செய்தால் கண்ணை நோண்டிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

என் மனத்தை அன்று அறுத்தது இதுதான்: பாட்டியின் பார்வையை மறைத்திருந்த புரைக்கு மருத்துவம் இல்லாமல் இல்லை. அதற்குக் காசு கேட்காத மருத்துவமனையும் இல்லாமல் இல்லை. பேருந்தில் சில மணி நேரத் தொலைவில் எல்லாம் இருந்தது. பாட்டிக்கும் அதற்கும் நடுவே, கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒரு ஆள் மட்டும் இல்லை.

தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு இந்த விஷயத்தில் கடவுள் கொடுத்திருக்கிற கொடை சிறியதல்ல. சென்னை எழும்பூரில் அரசு கண் மருத்துவமனை 1819லேயே தொடங்கப்பட்டது. உலகிலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1902ல் பெண்களுக்காகத் திறந்த ஷெல் மருத்துவமனையின் வளாகத்தில்தான் பின்னாளில் சி.எம்.சி.யின் கண் மருத்துவப் பிரிவு வளர்ந்தது. திருச்சியில் ஜோசப் கண் மருத்துவமனை 1934லிருந்து இருக்கிறது. பிறகு மதுரை.

மதுரையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. மருத்துவராகிச் சில ஆண்டுகளிலேயே கடுமையான முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. எழுந்தபோது கைவிரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களோடு கத்தியைப் பிடிக்கத் திரும்பப் பழகினார். கண் மருத்துவத்தைத் தேர்ந்துகொண்டார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அந்தக் கோணல் விரல்களே செய்து முடித்தன. 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர், 1976ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் தோள் கொடுத்தார்கள். காசு உள்ளவர் கொடுக்கும் கட்டணத்தில் காசில்லாதவருக்கும் அறுவை நடக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. அறை வசதி வேறுபடும். அறுவை செய்யும் மருத்துவர் ஒருவரே. அவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிப்போன சமாரியர் எந்த மறை என்று ஆண்டவர் கேட்கவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது.

முன்பெல்லாம் புரையை எடுத்தால் சோடாபுட்டிக் கண்ணாடி போட வேண்டும், உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கண்ணாடி உடைந்தால் மறுபடியும் இருட்டுதான். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வந்தபோது அது வெளிநாட்டிலிருந்து வந்தது, ஏழைக்கு எட்டாத விலை. 1992ல் அதே மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனத்தை ஏற்படுத்தி அந்த லென்ஸை இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். விலை பல மடங்கு இறங்கியது. இன்று முகாமில் போகிற பாட்டிக்கும் லென்ஸ் வைக்கிறார்கள் என்றால் அதன் பின்னே இவ்வளவு பேருடைய உழைப்பு இருக்கிறது.

அரவிந்த் தொடங்கிய அதே 1976ல்தான் நடுவண் அரசும் பார்வையிழப்பைத் தடுக்கத் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போனால் லென்ஸ் வைத்துப் புரை அறுவை இலவசம். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கண் மருத்துவ உதவியாளர் வருவார். என்ன கிழமை என்று கேட்டுக்கொண்டு போங்கள். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 104 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

இவ்வளவும் இருந்தும் ஏன் நம் தெருவில் கண் தெரியாத முதியவர்கள் இருக்கிறார்கள்? 1999ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தென்னிந்தியக் கிராமங்களில் போய் விசாரித்தது. கண்ணில் கோளாறு உள்ளவர்களில் பக்கத்தில் நடந்த இலவச முகாமுக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. கேட்டால் பயம். வீட்டுப் பொறுப்பு. செலவு. இலவசம்தானே, என்ன செலவு என்று நினைக்கிறீர்களா? பேருந்துக் கட்டணம், போன இடத்தில் சாப்பாடு, துணைக்கு வருகிறவர் இழக்கும் கூலி. இதைப் புரிந்துகொண்டுதான் முகாம் நடத்துகிறவர்கள் போகவர வண்டியும் உணவும் தங்குமிடமும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகும் மிச்சமிருப்பது நம்மால் மட்டுமே தீர்க்கக்கூடியது. மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது? பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது? மூன்று நாள் வீட்டில் யார் சோறாக்குவது? இந்தக் கேள்விகளுக்கு எந்த மருத்துவமனையும் பதில் சொல்ல முடியாது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து கூடும் நம் அன்பியம் சொல்லலாம். எதற்காக அன்பியம் வைத்திருக்கிறோம்? மாதம் ஒருமுறை கூடி, செபமாலை சொல்லி, சுண்டல் சாப்பிட்டுக் கலைவதற்கு மட்டுமா?

மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் இன்னொரு பார்வையற்றவர் வருகிறார். பெத்சாய்தா ஊர்க்காரர். அவரைச் சிலர் ஆண்டவரிடம் கூட்டிவருகிறார்கள். ஆண்டவர் என்ன செய்கிறார் தெரியுமா? தாமே அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வெளியே நடத்திப்போகிறார். உலகைப் படைத்தவர் ஒரு குருடரின் கோலாகிறார். கண்ணைத் தொட்டதும், என்ன தெரிகிறது என்று கேட்கிறார். மனிதர்கள் மரம்போல மங்கலாகத் தெரிகிறார்கள் என்கிறார் அவர். ஆண்டவர் மறுபடி ஒருமுறை தொடுகிறார். தொட்டதோடு விட்டுவிடாமல், தெளிவாகத் தெரியும்வரை கூட நிற்கிறார். இன்றைய வாசகத்திலும் அப்படித்தான்: அந்த மனிதரை வெளியே தள்ளிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் இயேசு அவரைத் தேடிப் போய்க் கண்டுபிடிக்கிறார்.

இதை வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். நாம் முகாமுக்குக் கூட்டிப்போவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அறுவை பத்துப் பதினைந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு ஒரு மாதம் முழுக்க வேலை. சொட்டுமருந்தை வேளாவேளைக்கு யாராவது ஊற்ற வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளக் கூடாது, விறகடுப்புப் புகையில் நிற்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது. தனியாக வாழும் ஒரு விதவைத் தாய் இதையெல்லாம் எப்படிச் செய்வார்? திரும்பப் பரிசோதனைக்கு வரச் சொன்ன நாளை நினைவில் வைத்திருப்பது யார்? கண் சிவந்து வலித்தால், சரியாகிவிடும் என்று பொறுக்காமல் அன்றைக்கே கூட்டிப்போவது யார்?

சில தவறான எண்ணங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பீடத்தில் சொன்னால் கேட்பீர்கள் என்ற நம்பிக்கை. புரை முற்றட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது அந்தக் காலப் பேச்சு. மிகவும் முற்றிய புரை கண்ணுக்குள் அழுத்தத்தைக் கூட்டி, தாங்க முடியாத வலியையும் தந்து, பார்வையையும் பறித்துவிடும். வெயில் காலத்தில் செய்யக் கூடாது, தை பிறக்கட்டும் என்பதும் வீண் பயம். கதிரடிக்கும்போது கண்ணில் உமி தெறித்தால், இலைச்சாறு பிழிந்து விடாதீர்கள், தாய்ப்பால் விடாதீர்கள், மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டுமருந்தும் வாங்கி விடாதீர்கள். அந்தப் புண்ணில் காளான் கிருமி சேர்ந்தால் கருவிழியே வெந்துபோகும். சில சொட்டுமருந்துகள் அதை இன்னும் வளர்க்கும். ஆண்டவர் மண்ணைப் பூசினாரே சாமி என்று கேட்காதீர்கள். அது முதல் மனிதனை மண்ணிலிருந்து வனைந்த கை.

சர்க்கரை உள்ளவர்கள், கண் நன்றாகத்தான் தெரிகிறது என்று இருந்துவிட வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண் நீர் அழுத்த நோயும் அப்படித்தான், வலிக்காது, சொல்லாது, ஓரத்திலிருந்து பார்வையை மெல்லத் தின்னும். புரையால் போன பார்வையைத் திரும்பப் பெறலாம். இதனால் போனது போனதுதான்.

இன்னொன்று, கண்ணாடி. நாற்பது வயது தாண்டினால் வெள்ளெழுத்து வருவது எல்லாருக்கும் உள்ளது. பீடி சுற்றுகிற, பூக்கட்டுகிற, தையல் தைக்கிற நம் சகோதரிகள், கண் தெரியவில்லை என்று வேலையைக் குறைத்துக்கொள்கிறார்கள். அல்லது சுற்றிய பீடியைக் கடையில் கழித்துவிட, கூலியை இழக்கிறார்கள். ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுகிறார்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட தொழிலாளருக்கு ஒரு சாதாரணக் கண்ணாடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018ல் அதன் முடிவு வந்தது. கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து, போடாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் கூடுதலாக உயர்ந்திருந்தது. ஓர் ஏழைக் குடும்பத்தில் அது பிள்ளையின் பள்ளிச் செலவு. தவக்காலத்தில் என்ன தர்மம் செய்யலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: பீடத்துக்குப் பித்தளைக் குத்துவிளக்கு வேண்டாம், போதுமானது இருக்கிறது. அந்தப் பணத்தில் உங்கள் தெருவில் பத்துப் பேருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.

பாட்டி கதையை முடிக்கவில்லையே. வின்சென்ட் தே பவுல் சபையினர் இருவர் அவரோடு வண்டியில் போனார்கள். அவர் போக மறுத்தபோது சம்மதிக்க வைத்தது நானோ அவர்களோ அல்ல, முந்தைய ஆண்டு அறுவை செய்துகொண்ட கீழத்தெரு அம்மா ஒருவர் வந்து, "இந்தா பாருக்கா, எங் கண்ணு இருக்கா இல்லியா?" என்று முகத்தை அவர் கைகளில் கொடுத்து உட்கார்ந்தார். ஒரு கண் முதலில், சில வாரம் கழித்து மற்றது. மருமகள் பீடிக் கடைக்குப் போகும் நேரங்களில் பக்கத்து வீட்டுச் சிறுமி சொட்டுமருந்து ஊற்றினாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய பிறகு வந்த முதல் ஞாயிறு, பாட்டி கோவிலுக்குள் நுழைந்ததும் நேரே மாதா சுரூபத்தின் முன் போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "சாமி, மாதா சேலைக்கு எப்ப நீலம் அடிச்சீக?" என்றார்.

அந்த நீலம் அடித்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்று நற்கருணை வரிசையில் அவர் கை என் கைக்கு நேரே வந்தது.

அடுத்த ஞாயிறு நம் பள்ளி வளாகத்தில் கண் முகாம். மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கமும் கண் மருத்துவமனையும் சேர்ந்து நடத்துகிறார்கள். எந்த மதம், எந்தச் சாதி, எந்தத் தெரு என்ற கேள்வி கிடையாது. கிளைப் பங்குகளுக்கும் பக்கத்து ஊர்களுக்கும் சொல்லி அனுப்பியாயிற்று. காலை எட்டரைக்குத் தொடங்கும். அறுவை தேவைப்படுகிறவர்களை மதியம் வண்டியில் கூட்டிப்போய், இரண்டு மூன்று நாளில் கொண்டுவந்து விடுவார்கள். ஆதார் அட்டை நகல், சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு, இரண்டு மாற்றுத் துணி கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு அன்பியத் தலைவரும் இந்த வாரம் தம் வீடுகளுக்குப் போய், படுக்கையில் இருக்கிற, திண்ணையோரம் உட்கார்ந்திருக்கிற, கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்கிற முதியவர்களை எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் மாட்டையும் வீட்டையும் பேரப்பிள்ளையையும் பார்த்துக்கொள்ள யார் முன்வருகிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு பெயரும் உள்ள தாளை வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு முன் உபதேசியாரிடம் கொடுத்துவிடுங்கள்.